முதுகு வட்டு நோயும் பிராணவாயுச் சிகிச்சையும்
(வணிக அன்பர்களுக்கு ஓர் உடல்நலப் பாடம்)

வியாபாரத்துக்கு முதல் எவ்வளவு முக்கியமோ, வியாபாரிக்கு முதுகும் அவ்வளவு முக்கியம். முதல் கரைந்தால் கடன் வாங்கலாம். முதுகு சாய்ந்தால் கடன் கொடுப்பார் யாருமில்லை. காத்தோங் வட்டாரத்தில் ஈஸ்ட் கோஸ்ட் சாலையிலும் ஜூ சியாட் சாலையிலும் கடை வைத்திருக்கும் நம்மவர்களைப் பாருங்கள். துணிக் கட்டுகளைத் தூக்குபவர் ஒருவர். அரிசி மூட்டையை இறக்குபவர் ஒருவர். நாணய மாற்றுக் கடையில் காலை முதல் இரவு வரை ஒரே நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருப்பவர் ஒருவர். தேநீர்க் கடையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றே கழிப்பவர் மற்றொருவர். தொழில் வேறு வேறாயினும் நாற்பது வயதைத் தாண்டியதும் இவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றே: "இடுப்பில் டிஸ்க் விலகிவிட்டதாம்."

இப்படிப்பட்டவருக்கு யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. எண்ணெய் தேய்க்கச் சொல்வார் ஒருவர். இரத்தம் குத்தி எடுக்கச் சொல்வார் ஒருவர். அண்மைக் காலமாகப் புதிய யோசனை ஒன்றும் சேர்ந்திருக்கிறது. "பிராணவாயுக் கூண்டுக்குள் படுத்து எழுந்தால் டிஸ்க் சரியாகிவிடும், நாற்பது தடவை போனால் ஆபரேஷனே வேண்டாம்" என்பதே அது. ஆக்ஸிஜன் என்னும் பிராணவாயு உயிருக்கு ஆதாரம் என்பதை அறியாதார் இல்லை. ஆகவே அதன் பெயரைக் கேட்டதும் நம்பிக்கை பிறந்துவிடுகிறது. இந்த யோசனையில் மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு என்பதைச் சரக்கை எடை போடுவதுபோல் நிதானமாக எடை போட்டுப் பார்ப்பதே இப்பாடத்தின் நோக்கம்.

காத்தோங்குக்கும் காற்றுக்கும் உள்ள உறவு பழையது. முன்னாளில் கடல் இவ்வட்டாரத்தை ஒட்டியே இருந்தது. நகரத்துச் செல்வந்தர்கள் இங்கே கடலோர பங்களாக்கள் கட்டிக்கொண்டு, வார இறுதியில் காற்று வாங்க வந்து போனார்கள். 1966-இல் தொடங்கிய மண் நிரப்பும் வேலையால் கடல் தள்ளிப் போய், மரின் பரேட் நகர்ப்பகுதி எழுந்தது. கடற்காற்றில் பிராணவாயு கூடுதல் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். உண்மையில் காத்தோங் கரையிலும் சிராங்கூன் சாலையிலும் காற்றில் பிராணவாயு நூற்றுக்கு 21 பங்குதான். கடற்கரையில் கிடைக்கும் நன்மை அங்கே நாம் நடப்பதால் வருவது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1. வட்டு என்பது யாது?

நம் முதுகெலும்பு ஒரே எலும்பன்று. சிறு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட தூண். அசையக்கூடிய எலும்புகள் 24. அவற்றுக்கு இடையிடையே மெத்தைபோல் அமைந்தவையே வட்டுகள். ஆங்கிலேயர் டிஸ்க் என்பர். இவை மொத்தம் 23. ஒவ்வொரு வட்டின் நடுவிலும் நுங்குபோல் மென்மையான ஒரு கூழ் உண்டு. அதைச் சுற்றிக் கயிற்றுப் பிரிகளை ஒத்த நார் வளையங்கள் பல அடுக்காக இறுகியிருக்கும்.

வயது ஏற ஏறக் கூழில் நீர்ச்சத்துக் குறைகிறது. நார் வளையத்தில் விரிசல் காண்கிறது. அந்த விரிசல் வழியாகக் கூழ் பிதுங்கிப் பக்கத்திலுள்ள நரம்பை அழுத்தினாலோ உறுத்தினாலோ, இடுப்பில் தொடங்கிப் பிட்டம், தொடை, கெண்டைக்கால், பாதம் வரை மின்சாரம் பாய்ந்தாற்போல் வலி இறங்கும். இடுப்புப் பகுதியில் இவ்வாறு பிதுங்குவன மிகப் பெரும்பாலும் கடைசி இரண்டு வட்டுகளே. உடலின் பாரம் முழுவதையும் தாங்குபவை அவைதாம். காலில் இறங்கும் வலிக்குப் பிதுங்கிய வட்டு காரணமாகலாம் என்பதை 1934-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வைத்தியர்களான மிக்ஸ்டர், பார் ஆகிய இருவரும் தெளிவுபடுத்தினர்.

"டிஸ்க் விலகியது", "நழுவியது" என்று நாம் சொல்வது பேச்சு வழக்கு. வட்டு தட்டுபோல் நழுவி வெளியே வருவதில்லை; பிதுங்குகிறது. ஆகவே அதை யாரும் கையால் தள்ளி உள்ளே வைத்துவிட முடியாது.

2. வட்டு எப்படிப் பிராணவாயு பெறுகிறது?

தேகத்தில் பெரும்பாலான உறுப்புகளுக்கு இரத்தக் குழாய்கள் நேரே சென்று உணவும் பிராணவாயுவும் கொடுக்கின்றன. வளர்ந்த மனிதனின் வட்டோ இதற்கு விலக்கு. அதன் உள்ளே இரத்தக் குழாய் கிடையாது. வட்டின் நடுவிலுள்ள உயிரணுக்களுக்கும் மிக அருகிலுள்ள இரத்தக் குழாய்க்கும் இடையே 6 முதல் 8 மில்லிமீட்டர் வரை தூரம் இருக்கும். மேலும் கீழும் உள்ள எலும்புகளின் மெல்லிய தகட்டின் வழியே ஊறி வருவதுதான் அவற்றுக்கு ஆகாரம். பெருஞ்சாலை இல்லாத கிராமத்துக்குத் தலைச்சுமையாகச் சரக்குப் போவதை இதற்கு ஒப்பிடலாம்.

இதிலிருந்தே பிராணவாயுச் சிகிச்சையை ஆதரிப்போர் தம் வாதத்தைத் தொடங்குகின்றனர். "வட்டுக்குப் பிராணவாயு குறைவு, ஆகவே இரத்தத்தில் பிராணவாயுவை ஏற்றினால் வட்டு தேறும்" என்கிறார்கள். கேட்பதற்கு இது நியாயமாகவே இருக்கிறது. ஆனால் வட்டின் உயிரணுக்கள் குறைந்த பிராணவாயுவில் வாழவே இயற்கையில் பழகியவை. பிராணவாயுவை அதிகம் செலவிடாமலே சர்க்கரையை உடைத்துத் தமக்கு வேண்டிய சக்தியைப் பெறுகின்றன. ஆகவே கூடுதலாக வாயு கொடுத்தால் கூடுதலாகப் பழுது தீரும் என்று கணக்குப் போட்டுவிட முடியாது. வாதம் நியாயமாயிருப்பது ஒன்று. செய்து பார்த்து நிரூபிப்பது வேறு.

3. பிராணவாயுச் சிகிச்சை என்பது யாது?

இச்சிகிச்சையில் நோயாளியை இறுக மூடிய கூண்டு ஒன்றில் வைத்து, உள்ளே அழுத்தத்தை ஏற்றி, சுத்தமான பிராணவாயுவைச் சுவாசிக்கச் செய்கிறார்கள். சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் 2 முதல் 2½ மடங்கு வரை அழுத்தம் வைப்பது வழக்கம். ஒரு தடவைக்கு ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். நோய்க்குத் தக்கபடி 20 முதல் 40 தடவை வரை கூடத் தேவைப்படும்.

அழுத்தம் எதற்கு என்று கேட்கலாம். நலமுள்ளவரின் இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் சிவப்பணுக்கள் சாதாரணக் காற்றிலேயே நூற்றுக்கு 97, 98 பங்கு நிறைந்துவிடுகின்றன. நிறைந்த வண்டியில் மேலும் சரக்கு ஏற்ற முடியாது அல்லவா? எஞ்சிய வழி, இரத்தத்தின் நீரில் வாயுவைக் கரைப்பதே. சாதாரணக் காற்றில் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் கரைந்திருப்பது 0.3 மில்லிலிட்டர் பிராணவாயு மட்டுமே. மூன்று மடங்கு அழுத்தத்தில் சுத்தப் பிராணவாயுவைச் சுவாசித்தால் அது ஏறக்குறைய 6 மில்லிலிட்டராக உயர்கிறது. 1960-இல் ஹாலந்து நாட்டு அறுவை வைத்தியர் பூரெமா என்பார், இரத்தத்தின் சிவப்பணுக்களை ஏறக்குறைய முழுவதும் நீக்கிய பன்றிகளைக்கூட இம்முறையால் சிறிது நேரம் உயிரோடு வைத்துக் காட்டினார். ஆகவே கூண்டுச் சிகிச்சை வெறும் புரட்டு என்று யாரும் தள்ளிவிட முடியாது.

சிங்கப்பூருக்கும் இது புதிதன்று. 1980களில் எம்.ஆர்.டி. சுரங்கங்கள் தோண்டப்பட்டபோது, நீரும் சேறும் உள்ளே புகாதபடி சில இடங்களில் அழுத்தக் காற்றை நிரப்பி வேலை செய்தார்கள். அங்கிருந்து வெளிவந்த தொழிலாளர் சிலருக்கு, ஆழ்கடலில் முக்குளிப்போருக்கு வருவது போன்ற நோய் கண்டது. அவர்களை அழுத்தக் கூண்டில் வைத்தே குணப்படுத்தினார்கள். இன்று ஊட்ரத்திலுள்ள சிங்கப்பூர் பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. மரின் பரேட் நிலையத்தில் ரயில் ஏறினால் மாறாமலே ஊட்ரம் பார்க்கில் இறங்கிவிடலாம். அந்த வழித்தடம் 2024 ஜூன் மாதம் காத்தோங்குக்கு வந்தது.

இச்சிகிச்சை உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட நோய்கள் சில உண்டு. முக்குளிப்போர் நோய், இரத்தக் குழாயில் காற்று புகுதல், கரியமிலப் புகையான கார்பன் மோனாக்ஸைடின் நச்சு, தசையை அழுகச் செய்யும் கொடிய கிருமி நோய்கள், புற்றுநோய்க்கான கதிர்ச் சிகிச்சையால் பின்னர் ஏற்படும் புண், மருந்துக்கு அடங்காத எலும்புக் கிருமி நோய், சில வகை நீரிழிவுக் கால் புண்கள் ஆகியன அப்பட்டியலில் உள்ளன. நீரிழிவு நம்மவரிடையே மலிந்திருப்பதால் கடைசியில் சொன்னதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கால் விரலை இழக்கும் நிலையிலுள்ள ஒருவருக்கு வைத்தியர் கூண்டுச் சிகிச்சையைச் சொன்னால் அது அலட்சியம் செய்யத்தக்க யோசனையன்று.

வட்டுப் பிதுக்கமோ வட்டுத் தேய்வோ அப்பட்டியலில் இல்லை.

4. இரும்புக் கோளத்தின் கதை

ஒரு நோய்க்குப் பயன்பட்டதை எல்லா நோய்க்கும் விற்பது இன்று நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. அமெரிக்காவில் கன்னிங்ஹாம் என்ற வைத்தியர் இருந்தார். 1918-இல் விஷக் காய்ச்சல் பரவியபோது அழுத்தக் காற்றுச் சிகிச்சையில் அவருக்கு நம்பிக்கை பிறந்தது. பின்னர் நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, புற்றுநோய் ஆகியவற்றுக்கும் அதையே கொடுக்கலானார். டிம்கன் என்ற பெரும் தொழிலதிபர் இதில் மனமுவந்து பணம் போட்டார். 1928-இல் கிளீவ்லாந்து நகரில் 64 அடி குறுக்களவுள்ள மாபெரும் இரும்புக் கோளம், உள்ளே பல மாடிகளும் அறைகளுமாக, ஓர் ஆஸ்பத்திரியாகவே எழும்பியது. அமெரிக்க மருத்துவச் சங்கம் ஆதாரம் கேட்டது, ஆதாரம் வரவில்லை. கடைசியில் 1942-இல் அந்தக் கோளம் பழைய இரும்பு விலைக்குப் போயிற்று.

டிம்கன் ஏமாளியல்லர், கெட்டிக்கார வியாபாரி. எனினும் தம் தொழிலில் ஒரு பொருளை வாங்கும்போது கேட்டிருக்கக்கூடிய கேள்விகளை இங்கே கேட்கத் தவறினார். நம் வணிகர்கள் இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

5. வட்டு நோய்க்கு இது உதவுமா?

ஆராய்ச்சி நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. தைவானில் அறுவையின்போது எடுத்த மனித வட்டின் உயிரணுக்களை ஆய்வுக் கூடத்தில் உயர் அழுத்தப் பிராணவாயுவில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள்; சில நல்ல மாறுதல்களும் தென்பட்டன. ஆனால் கண்ணாடித் தட்டிலுள்ள உயிரணு வேறு. இரத்தக் குழாய் இல்லாத வட்டின் நடுவில், மூட்டை தூக்கும் மனிதனின் இடுப்பில் உள்ள உயிரணு வேறு. வட்டு நோயாளிகளை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மெய்யான கூண்டுச் சிகிச்சையும் மறு குழுவுக்குப் பெயரளவிலான சிகிச்சையும் கொடுத்து, பெரிய அளவில் ஒப்பிட்டு, இது பலன் தரும் என்று நிலைநாட்டிய ஆதாரம் இதுவரை இல்லை.

அமெரிக்க உணவு மருந்து ஆணையம் 2013-இல் பொதுமக்களுக்கு எச்சரிக்கை ஒன்று விடுத்தது. கூண்டுச் சிகிச்சையால் தீரும் என்று விளம்பரம் செய்யப்பட்டும் நிரூபிக்கப்படாத நோய்கள் பலவற்றை அது எடுத்துக்காட்டியது. தண்டுவடக் காயமும் அவற்றுள் ஒன்று.

ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிட வேண்டும். முதுகெலும்பில் கிருமி புகுந்து, மருந்துக்கும் அறுவைக்கும் அடங்காமல் எலும்பு நோய் நீடிக்குமானால், நிபுணர்கள் கூண்டுச் சிகிச்சையைத் துணையாகச் சேர்ப்பதுண்டு. அது கிருமிக்கான சிகிச்சை. வட்டுப் பிதுக்கத்துக்கான சிகிச்சையன்று.

உடல்நல நிலையங்களில் வைத்திருக்கும் மென்மையான பை போன்ற கூண்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றில் அழுத்தம் பொதுவாக 1.3 மடங்குதான். உள்ளே சாதாரணக் காற்றையே சுவாசித்தால் கணக்கு எளிது: 21-ஐ 1.3-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 27. அதாவது, நூற்றுக்கு 27 பங்கு பிராணவாயு உள்ள காற்றை வெளியில் சுவாசித்ததற்குச் சமம். ஆஸ்பத்திரியில் முகத்தில் வைக்கும் சாதாரண மூடியே இதற்கு மேல் தரும். பெயர் ஒன்றாயிருப்பதால் சரக்கும் ஒன்றாகிவிடாது.

6. "எனக்குக் குணமாயிற்றே!"

"பட்டியலும் ஆராய்ச்சியும் கிடக்கட்டும், எங்கள் மாமா பத்துத் தடவை போய் வந்தார், வலி பறந்துவிட்டது" என்று ஒருவர் சொல்லக்கூடும். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் வலி எதனால் பறந்தது என்பதே கேள்வி.

2007-இல் வெளியான ஹாலந்து நாட்டு ஆராய்ச்சி இதற்கு நல்ல விடை தருகிறது. வட்டுப் பிதுக்கத்தால் 6 முதல் 12 வாரம் வரை கடுமையான கால் வலியில் துன்புற்ற 283 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிக்குச் சீக்கிரமே அறுவை; மறு பாதிக்கு வலி மருந்தும் பொறுமையும், தேவைப்பட்டால் மட்டும் பிறகு அறுவை. சீக்கிரம் அறுவை செய்துகொண்டவர்கள் விரைவில் தேறினர். காத்திருந்தவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கு அந்த ஓராண்டில் அறுவை தேவைப்பட்டது. ஆண்டு முடிவிலோ இரு சாராரிலும் நூற்றுக்கு 95 பேர் குணமடைந்ததாகத் தெரிவித்தனர். காத்திருந்தவர்களில் பெரும்பாலோர் கத்தி படாமலே தேறினார்கள் என்பது இதன் கருத்து. பிதுங்கிய கூழை உடலே நாளடைவில் கரைத்துச் சுருங்கச் செய்வதுண்டு.

இப்பொழுது மாமாவின் கதையைத் திரும்பப் பாருங்கள். வலி உச்சத்திலிருந்த சமயத்தில் அவர் கூண்டுக்குள் போனார். சில வாரங்களில் வலி தணிந்தது. கூண்டுக்குப் போகாதிருந்தாலும் பெரும்பாலும் தணிந்திருக்கும். மழை வரும் நேரத்தில் குடை விற்றவன், தன்னால்தான் மழை வந்தது என்று சொன்னால் நாம் ஒப்புவோமா?

எம்.ஆர்.ஐ. படத்தைக் கண்டு கலங்குவோருக்கும் ஒரு செய்தி. முதுகுவலியே இல்லாதவர்களைப் படமெடுத்த ஆராய்ச்சிகளை 2015-இல் தொகுத்துப் பார்த்தபோது, 20 வயதினரில் நூற்றுக்கு 30 பேருக்கும், 50 வயதினரில் நூற்றுக்கு 60 பேருக்கும் வட்டுப் புடைப்புக் காணப்பட்டது. படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணமன்று. படத்தை மட்டும் காட்டிப் பயமுறுத்திச் சிகிச்சை விற்பவரிடம் எச்சரிக்கையாயிருங்கள்.

7. ஓசோன் ஊசி வேறு

பிராணவாயுச் சிகிச்சை என்ற பெயரிலேயே ஓசோன் ஊசியும் விற்கப்படுகிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பிராணவாயுவோடு சிறிதளவு ஓசோன் வாயுவைக் கலந்து, எக்ஸ்ரே முதலியவற்றின் துணையோடு வட்டுக்குள்ளேயே செலுத்தும் முறை இது. நடுவிலுள்ள கூழைச் சுருங்கச் செய்வதே நோக்கம். இத்தாலியில் 1980கள் முதல் செய்து வருகிறார்கள். இந்தியாவிலும் பல இடங்களில் செய்கிறார்கள். ஊருக்குப் போகும்போது இதைச் செய்துகொண்டு வரலாமா என்று நம்மவர் சிலர் எண்ணுவதால் இங்கே எழுதுகிறோம்.

கூண்டைவிட இதற்கு ஆதாரம் சற்றுக் கூடுதல் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2022-இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆராய்ச்சியில், நுண் அறுவைக்கு இந்த ஊசி பின்தங்கவில்லை என்றும், ஊசி போட்டுக்கொண்டவர்களில் பெரும்பாலோர் அறுவையைத் தவிர்த்தனர் என்றும் கண்டார்கள். ஆனால் அதில் சேர்ந்தவர்கள் 49 பேர் மட்டுமே. மறுபுறம், அமெரிக்க அரசின் விதிகளோ ஓசோனைப் பயனுள்ள மருத்துவ உபயோகம் அறியப்படாத நச்சு வாயு என்றே வகுத்திருக்கின்றன. அதைச் சுவாசித்தால் நுரையீரலுக்குக் கேடு. ஊசி வட்டுக்குள் போவதால், கிருமி புகுதல், நரம்பு சேதமாதல் போன்ற அபாயங்களும் அரிதாகவேனும் உண்டு. ஆகவே விடுமுறைக்குப் போன இடத்தில் அவசரமாகச் செய்துகொள்ளத்தக்க காரியமன்று இது. யார் செய்கிறார், எந்தப் படத்தின் துணையோடு செய்கிறார், தீங்கு நேர்ந்தால் சிங்கப்பூர் திரும்பிய பின் யார் கவனிப்பார் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்திருக்க வேண்டும்.

8. கூண்டுக்குள் போக நேர்ந்தால்

வைத்தியர் தக்க காரணத்தோடு கூண்டுச் சிகிச்சையைச் சொன்னால் அஞ்ச வேண்டியதில்லை. விதிகளை மட்டும் பிசகாமல் பின்பற்ற வேண்டும்.

பிராணவாயு தானே எரியாது. ஆனால் எரியும் பொருளை மூர்க்கமாக எரியச் செய்யும். 1997 அக்டோபர் 31 அன்று இத்தாலியின் மிலான் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், கையைச் சூடேற்றிக்கொள்ளும் சிறு கருவி ஒன்று கூண்டுக்குள் போனதால் தீப்பற்றி 11 பேர் மாண்டனர். 2025 ஜனவரி 31 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் தனியார் நிலையம் ஒன்றின் கூண்டு தீப்பற்றி வெடித்து ஐந்து வயதுச் சிறுவன் உயிரிழந்தான். ஆகவே கூண்டுக்குள் கைத்தொலைபேசி, கைக்கடிகாரம், தீப்பெட்டி ஆகியன ஆகா. தலைக்கு எண்ணெய் தடவக் கூடாது. அத்தர் பூசக் கூடாது. ஜும்ஆவுக்கு அத்தர் பூசிக்கொண்டு அப்படியே சிகிச்சைக்குப் போகும் அன்பர்கள் இதை மறக்க வேண்டாம். அங்கே கொடுக்கும் பருத்தி உடையையே அணிய வேண்டும்.

நீரிழிவு உள்ளவருக்குக் கூண்டுக்குள் இரத்தச் சர்க்கரை திடீரென இறங்கக்கூடும். ரமலான் நோன்பு வைத்திருப்பவர் அதை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். காது அடைத்து வலிப்பது அடிக்கடி நேரும் தொந்தரவு; சளி பிடித்திருந்தால் சொல்லிவிடுங்கள். சிலருக்குச் சில வாரம் பார்வை சற்று மாறும். மிக அரிதாக வலிப்பும் வரும். நுரையீரல் நோய் உள்ளவர்கள் முன்னதாகப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

செலவையும் கணக்கிடுங்கள். போக, வர, உடை மாற்ற, உள்ளே இருக்க என்று தடவைக்கு 4 மணி நேரம் வைத்தால், 40 தடவைக்கு 160 மணி நேரம். நாளுக்குப் பத்து மணி நேரம் கடை திறப்பவருக்கு இது 16 நாள் வியாபாரம். கால் புண் ஆறி விரல் தப்புமானால் இது லாபம். நிரூபணமில்லாத பலனுக்காக என்றால், பேரேட்டில் இதை எந்தப் பக்கம் எழுதுவது?

9. வட்டுக்கு மெய்யாக உதவுவன

வட்டுக்கு ஆகாரம் ஊறி வருகிறது என்று மேலே படித்தோம். ஆகவே,

முதலாவது, நடை. பாரம் ஏறுவதும் இறங்குவதுமாக உடல் அசையும்போது வட்டில் நீர் போய் வருகிறது. வலி வந்ததும் வாரக் கணக்கில் படுக்கையில் கிடப்பது பழைய வைத்தியம். இன்றைய வைத்தியர்கள் தாங்கக்கூடிய அளவு நடமாடச் சொல்கிறார்கள். கல்லாவில் இருப்பவர் அரை மணிக்கொரு தடவை எழுந்து கடைக்குள் நாலடி நடக்கட்டும்.

இரண்டாவது, புகையை விடுதல். 1991-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், ஒருவர் புகைப்பவரும் மற்றவர் புகைக்காதவருமான உருவொத்த இரட்டையரை ஒப்பிட்டார்கள். புகைத்தவர்களின் இடுப்பு வட்டுகளில் தேய்வு நூற்றுக்கு 18 பங்கு கூடுதலாயிருந்தது. கூண்டுக்குப் பணம் கட்டிப் பிராணவாயு வாங்கிவிட்டு, வெளியே வந்து சிகரெட் பற்றவைப்பவர், ஓட்டைச் சாக்கில் அரிசி அளக்கிறார்.

மூன்றாவது, தூக்கும் முறை. 1999-இல் ஜெர்மனியின் ஊல்ம் நகரில் ஒரு மனிதரின் இடுப்பு வட்டுக்குள் கருவி வைத்து அழுத்தத்தை அளந்தார்கள். படுக்கையில் 0.1 மெகாபாஸ்கல்; நிற்கையில் 0.5, முதுகை வளைத்து 20 கிலோ தூக்கியபோது 2.3, முழங்காலை மடித்துத் தூக்கியபோது 1.7. ஒரே பாரம்தான், முறையில்தான் வித்தியாசம். 20 கிலோவுக்கே இப்படியென்றால் 50 கிலோ மூட்டைக்குச் சொல்லவும் வேண்டுமோ? தள்ளுவண்டி வாங்குங்கள், மூட்டையை இருவராகத் தூக்குங்கள்.

நான்காவது, முறையான உடற்பயிற்சிச் சிகிச்சை. மரின் பரேட் பலதுறை மருந்தகத்திலோ உங்கள் குடும்ப வைத்தியரிடமோ முதலில் காட்டுங்கள். பலதுறை மருந்தகத்தின் பரிந்துரையோடு அரசாங்க மருத்துவமனைக்குப் போகும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கட்டணச் சலுகை உண்டு.

வலி கடுமையாயிருக்கும் நாட்களில் ருகூஉக்கும் ஸுஜூதுக்கும் குனிய இயலாதவர், நாற்காலியில் அமர்ந்து தொழ மார்க்கம் இடம் தருகிறது. வெட்கப்பட்டு வருத்திக் குனிந்து நோயை வளர்த்துக்கொள்ள வேண்டாம்.

10. தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

சிறுநீர் கழிக்க முடியாமற்போதல், அல்லது தன்னையறியாமல் சிறுநீரோ மலமோ கழிதல். இரு தொடைகளுக்கும் இடையே, சைக்கிள் இருக்கையில் படும் இடம் மரத்துப்போதல். பாதமோ காலோ பலமிழந்து தொய்தல். இவற்றில் ஒன்று கண்டாலும் எண்ணெயும் வேண்டாம், ஊசியும் வேண்டாம், கூண்டும் வேண்டாம். 995-ஐ அழைத்தோ வாடகைக் காரிலோ உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். நரம்புக் கற்றை நசுங்கும்போது ஒவ்வொரு மணி நேரமும் பெறுமானமுள்ளது. கூண்டுச் சிகிச்சையால் நேரக்கூடிய பெரிய நஷ்டம் பணமன்று. இந்த மணி நேரங்கள் வீணாவதே. காய்ச்சலோடு முதுகுவலி, காரணமின்றி உடல் மெலிதல், முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக முதுகுவலி ஆகியவற்றையும் வைத்தியரிடம் விரைவில் காட்ட வேண்டும்.

11. கேட்க வேண்டிய கேள்விகள்

யாரேனும் வட்டு நோய்க்குப் பிராணவாயுச் சிகிச்சையைச் சிபாரிசு செய்தால் கீழ்க்கண்டவற்றைக் கேளுங்கள்:

அ. என் நோயின் பெயர் என்ன? அது ஒப்புக்கொள்ளப்பட்ட பட்டியலில் இருக்கிறதா?
ஆ. நீங்கள் கொடுப்பது கூண்டா, ஊசியா? கூண்டாயின் அழுத்தம் எத்தனை மடங்கு? உள்ளே சுத்தப் பிராணவாயுவா, வெறும் காற்றா?
இ. சிகிச்சை பெறாதவரோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆராய்ச்சி உண்டா? குணமானவர் கடிதங்கள் போதா.
ஈ. ஆறு வாரம் நடை, மருந்து, பயிற்சியோடு காத்திருந்தால் என்ன ஆகும்?
உ. மொத்தம் எத்தனை தடவை? மொத்தம் எத்தனை வெள்ளி? பாதியில் நிறுத்தினால் பணம் திரும்புமா?
ஊ. கூண்டில் தீத்தடுப்பு ஏற்பாடு என்ன? பக்கத்தில் வைத்தியர் இருப்பாரா?

நேர்மையான வைத்தியர் இக்கேள்விகளுக்கு மகிழ்ச்சியோடு விடை சொல்வார். முகம் சுளிப்பவரிடம் சரக்கு வாங்காதீர்கள்.

பாடத்தின் சாரம் இது: கூண்டுச் சிகிச்சை சில நோய்களுக்கு உயிர் காக்கும் மருந்து, வட்டு நோய்க்கு அதன் பலன் இன்னும் நிரூபிக்கப்படவில்லை, வட்டு நோயில் பெரும்பாலானது பொறுமையாலும் நடையாலும் பயிற்சியாலும் தணியும், தணியாததற்கு நிபுணரும் அறுவையும் உண்டு. இதைக் கடையில் வேலை செய்யும் தம்பிமாருக்கும் வாசித்துக் காட்டுங்கள். நம் கடைகளில் மூட்டையை முதலில் தூக்குபவர்கள் அவர்களே.